கடைசி வரிக்குத்தான் என் பதில்

கேள்வி: என் மகனுக்குப் பத்து மாதம். ஆறு மாதம் முடிந்ததும் ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குத் திரும்பிவிட்டேன். பகலில் அவனுடைய ஆயாதான், என் மாமியார், பார்த்துக்கொள்கிறார். ஆயாவிடம் நன்றாகச் சிரித்து விளையாடுகிறான். மாலையில் நான் வந்து தூக்கினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். விரல் சூப்புகிறான், தூங்கும்முன் தலையைத் தலையணையில் முட்டுகிறான், பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கினால் அலறுகிறான். கைக்குழந்தைக்கும் டிப்ரஷன் வரும், அது ஆட்டிசத்தில் போய் முடியும் என்று யூடியூபில் பார்த்தேன். மெடிக்கலில் மூளை வளர்ச்சி டானிக் வாங்கிக் கொடுக்கிறேன். மதியம் தூங்குவதற்கு ஆயா சளி மருந்து கொடுக்கிறார். நான் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆகிவிட்டானா? எனக்கும் இப்போதெல்லாம் காரணமில்லாமல் அழுகை வருகிறது. அவனைத் தூக்கவே மனசு வருவதில்லை.

பதில்: இல்லை அம்மா. நீங்கள் வேலைக்குப் போனதால் எதுவும் கெட்டுவிடவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகனுக்கு மனச்சோர்வு இல்லை. ஆயாவிடம் சிரித்து விளையாடுகிறான் என்ற ஒரு வரி எனக்குப் போதும்.

கைக்குழந்தைக்கு மனச்சோர்வு வருவது உண்மைதான். 1940களிலேயே ரெனே ஸ்பிட்ஸ் என்ற மருத்துவர் அதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அரை வயதை ஒட்டித் தாயைப் பிரிந்து காப்பகத்தில் இருந்த குழந்தைகள் அவை. தாயின் இடத்தில் சொந்தமென்று வேறு யாரும் வரவில்லை. முதலில் ஓயாமல் அழுதன, பிறகு அழுவதையும் நிறுத்திவிட்டு முகம் வெளிறிச் சுவரைப் பார்த்துப் படுத்தன, எடை இறங்கின. சில மாதங்களுக்குள் தாய் திரும்பி வந்த குழந்தைகள் தேறிக்கொண்டன. உங்கள் மகனுக்கோ பகல் முழுக்க ஆயாவின் மடி இருக்கிறது, இரவில் நீங்கள் இருக்கிறீர்கள்.

விரல் சூப்பட்டும். தலை முட்டுவது தன்னைத் தானே தாலாட்டிக்கொள்வது, வளர வளரப் போய்விடும். அந்நியர் தூக்கினால் அலறுவது இந்த வயதில் நல்ல செய்தி, நம்மவர் யார் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. டிப்ரஷன் ஆட்டிசமாக மாறாது. அந்த வீடியோக்களை இனிப் பார்க்காதீர்கள். மூளையை வளர்க்கும் டானிக் என்று ஒன்று கிடையாது. அந்தக் காசுக்கு முட்டை வாங்குங்கள்.

சளி மருந்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். சளி இல்லாத பத்து மாதக் குழந்தையைத் தூங்கவைக்க அதை ஊற்றுவதை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. பிள்ளையை மந்தமாக்கும், அளவு கூடினால் மூச்சையே பாதிக்கும். ஆயாவைக் குறை சொல்லவில்லை, அவருக்குத் தெரியாது. எடுத்துச் சொல்லுங்கள்.

இன்னொன்று. ஒரு குழந்தை யாரிடமும் சிரிக்காமல் போனாலோ, வந்த மழலையோ உட்காருவதோ நின்றுபோனாலோ, தூங்கி எழும்போது உடல் வரிசையாகத் துள்ளினாலோ, மனவருத்தம் என்று வீட்டில் வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. பி12 சத்துக் குறைவிலும் குழந்தை இப்படி முகம் வாடிக் கிடக்கும், துள்ளல் வலிப்பாகவும் இருக்கலாம். அன்றே குழந்தை மருத்துவரிடம் போக வேண்டும். உங்கள் மகனிடம் இது எதுவும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். பத்து வரி பிள்ளையைப் பற்றி எழுதிவிட்டு, உங்களைப் பற்றி ஒன்றரை வரி எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அந்த ஒன்றரை வரிதான்.

1970களில் எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். தாய் குழந்தையோடு கொஞ்சி விளையாடுவாள். பிறகு சில நிமிடங்கள் மட்டும் முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், குரல் கொடுக்கும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மாலையில் கம்பெனி வண்டியில் இறங்கி வரும் உங்கள் முகம் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவன் உங்களை வெறுக்கவில்லை. உங்கள் முகத்தில் பதில் கிடைக்காமல் திரும்பிக்கொள்கிறான். நீங்கள் தேறினால் அவனும் திரும்பிப் பார்ப்பான், குழந்தைகள் அதற்குக் காத்திருப்பார்கள்.

பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு முதல் ஓராண்டில் எப்போது வேண்டுமானாலும் தலைகாட்டும். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் தமிழ்நாட்டுக் கிராமப் பெண்களிடம் நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில் நூற்றுக்கு 11 பேருக்கு அது வந்திருந்தது. பணக் கஷ்டம், கைகொடுக்க ஆளில்லாமை, மாமியாரோடு மனக்கசப்பு, பையனை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது ஆகியவை அதைக் கூட்டின. இது திமிரோ சோம்பலோ பாசமின்மையோ இல்லை. திருஷ்டி கழித்தும் போகாது. ஆனால் சிகிச்சையில் நன்றாகவே குணமாகும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, சில வாரங்களில் மாற்றம் தெரியும். மருத்துவர் எழுதித் தராமல் மெடிக்கலில் தூக்க மாத்திரை கேட்காதீர்கள். இரத்தசோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு பரிசோதனை செய்துகொள்ளுங்கள், அவையும் இப்படிச் சோர்வைத் தரும்.

இந்த வாரமே ஒருநாள் லீவு போடுங்கள். வேலூர் பக்கம் அடுக்கம்பாறை அரசு மருத்துவமனையிலும் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலும் மனநல மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதுவரை பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் கிடையாது. செத்துவிடலாம் என்றோ பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றோ ஒருமுறை தோன்றினாலும் வாரக் கணக்குப் பார்க்காதீர்கள். பிள்ளையை ஆயாவிடம் கொடுத்துவிட்டு, கணவரைக் கூட்டிக்கொண்டு அன்றிரவே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மருத்துவரிடம் போகும்போது, வாயால் சொல்ல வரவில்லை என்றால், எனக்கு எழுதிய அந்த ஒன்றரை வரியை அப்படியே ஒரு சீட்டில் எழுதி நீட்டுங்கள். மாமியாரையும் அழைத்துப் போங்கள், மருத்துவர் சொல்வதை அவரும் கூட இருந்து கேட்கட்டும்.