இரத்தப் பரிசோதனை எல்லாம் செய்த பிறகும் கண்ணிலிருந்து நீர் எடுக்க வேண்டும் என்கிறார்களே, அது தேவைதானா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. வலது கண் மூன்று மாதமாக விட்டுவிட்டுச் சிவக்கிறது, பார்வை புகை மூட்டமாக இருக்கிறது, கண் அழுத்தமும் கூடியிருக்கிறது. யுவைடிஸ், அதாவது கண்ணுக்குள் அழற்சி, என்கிறார்கள். இரத்தத்தில் டொக்ஸோபிளாஸ்மா, சிஎம்வி இரண்டுக்கும் ஐஜிஜி பொசிட்டிவ். காசநோய்க்காகத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கிற மன்டூ 12 மில்லிமீட்டர். இத்தனை பொசிட்டிவ் இருந்தும் டொக்டர், "இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, கண்ணுக்குள் இருந்து நீர் எடுத்துப் பார்ப்போம்" என்கிறார். சம்மதிக்கலாமா?

பதில்:

சம்மதிக்கலாம். நான் கண் வைத்தியர் இல்லை. கொழும்பில் ஓர் ஆய்வுகூடத்தின் நுண்ணங்கிப் பிரிவில் பதினான்கு வருடமாக வேலை செய்கிறேன். நோயாளியின் முகத்தை நான் காண்பது அபூர்வம். அவர் கண்ணிலிருந்து எடுத்தது ஒரு சின்னக் குழாயில் வரும், கூடவே ஒரு படிவம் வரும். அந்த இரண்டையும் பார்த்துப் பழகிய பழக்கத்தில் எழுதுகிறேன். மருந்து விஷயத்தில் உங்கள் டொக்டர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

முதலில் உங்களைக் குழப்பியிருக்கும் அந்தப் பொசிட்டிவ்கள். ஐஜிஜி என்பது ஒரு கிருமியை உடம்பு எப்போதோ சந்தித்ததற்கான அடையாளம். சட்டைப்பையில் 100ஆம் நம்பர் பஸ் டிக்கெட் ஒன்று கிடந்தால் நீங்கள் ஒருநாள் காலி வீதியால் போயிருக்கிறீர்கள் என்று தெரியும். இந்த நேரம் வெள்ளவத்தையில் நிற்கிறீர்களா, வீட்டில் படுத்திருக்கிறீர்களா என்று அந்த டிக்கெட் சொல்லாது. சிஎம்வி, அதாவது சைட்டோமெகலோ வைரஸ், நம்மூரில் பெரியவர்களில் பெரும்பாலானவர்களைச் சின்ன வயதிலேயே தொட்டுவிட்டுப் போயிருக்கும். எங்கள் பிரிவில் இருக்கிற எல்லோருடைய இரத்தத்தையும் எடுத்துப் பார்த்தாலும் அநேகமாகப் பொசிட்டிவ்தான் வரும், ஒருவருக்கும் கண்ணில் கோளாறு இல்லை.

டொக்ஸோ என்ற ஒட்டுண்ணியும் அப்படித்தான். பூனை மலம் பட்ட மண், சரியாக வேகாத இறைச்சி என்று எப்படியாவது வந்திருக்கும். இந்தச் சோதனையில் பொசிட்டிவ் வந்தால் பெரிய பிரயோசனம் இல்லை, நெகட்டிவ் வந்தால்தான் பிரயோசனம். ஐஜிஜி சுத்தமாக இல்லையென்றால் டொக்ஸோவைப் பட்டியலிலிருந்து அநேகமாக வெட்டிவிடலாம்.

மன்டூ 12 மில்லிமீட்டர் என்றதும் காசநோயா என்று பயந்திருப்பீர்கள். இலங்கையில் பிறந்த குழந்தைக்கு பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசி போடுவது வழமை, அம்மாவின் கையிலும் அந்தத் தழும்பு இருக்கலாம். பிசிஜியாலும் மன்டூ வீங்கும். இக்ரா என்ற இரத்தப் பரிசோதனையை பிசிஜி குழப்பாது. ஆனால் அதுவும் உடம்பில் காசநோய்க் கிருமி உறங்கிக்கொண்டு கிடக்கிறதா, கண்ணில் விழித்திருக்கிறதா என்று பிரித்துச் சொல்லாது. நெஞ்சு எக்ஸ்ரே, கண்ணின் தோற்றம், மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாக ஒதுக்கியது, இவற்றையெல்லாம் சேர்த்துத்தான் வைத்தியர்கள் முடிவெடுப்பார்கள். மூன்று நான்கு மருந்துகளை மாதக் கணக்கில் விழுங்க வைக்கிற முடிவு அது. 12 என்ற இலக்கத்தை மட்டும் நம்பி எடுக்கிற விஷயம் இல்லை.

இரத்தத்திலேயே நல்ல பதில் கிடைக்கிற நோய் ஒன்று இருக்கிறது, சிபிலிஸ் என்ற பாலியல் நோய். எந்தக் கண் அழற்சியைப் போலவும் அது வேஷம் போடும், அதனால் யுவைடிஸ் என்றால் அதையும் பார்த்துவிடுவார்கள். விடிஆர்எல் மட்டும் போதாது, டிபிபிஏ போன்ற இன்னொன்றும் சேர்ந்து இருக்க வேண்டும். அம்மாவின் ரிப்போர்ட்டில் அது இருக்கிறதா என்று பாருங்கள். சில வேளை சனம் வெட்கத்தில் செய்யாமல் விட்டுவிடுவார்கள். ஒருமுறை இரத்தம் எடுக்கிற இடத்தில் ஓர் அன்ரி படிவத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "தம்பி, இதை வெட்டிவிடேலாதா?" என்று கேட்டார். "உங்கட மகளுக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கேக்கை கிளினிக்கிலை இதுவும்தான் பார்த்தவை" என்றேன். அதற்குப் பிறகுதான் கையை நீட்டினார். எல்லாக் கர்ப்பிணிகளையும் அப்படிச் சோதித்து வந்ததால்தான், தாயிலிருந்து பிள்ளைக்கு எச்ஐவியும் சிபிலிசும் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டது என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது.

சரி, கண் நீருக்கு வருவோம். எடுக்கப் போவது கண்ணீர் இல்லை. கருவிழிக்கும் கண்மணிக்கும் இடையில் இருக்கிற தெளிந்த நீர். அங்கே இருப்பதே மொத்தம் கால் மில்லிலீட்டர் அளவுதான். அதில் 0.1 மில்லிலீட்டர், கூடினால் 0.2, எடுப்பார்கள். மரக்க வைக்கும் துளி விட்டு, அயடின் கரைசலால் கழுவி, மயிர் போன்ற ஊசியைக் கருவிழியின் ஓரத்தால் விட்டு உறிஞ்சுவார்கள். ஊசி உள்ளே நிற்பது சில வினாடி. எடுத்த நீரைக் கண் இரண்டு மணித்தியாலம் அளவில் திரும்பச் சுரந்து நிரப்பிவிடும். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இரத்தக் கசிவு, தொற்று, வில்லையில் ஊசி படுவது எல்லாம் நடக்கலாம், ஆனால் பழகிய கையில் அரிது.

0.1 மில்லிலீட்டர் என்றால் துளி மருந்துப் போத்தலை அமத்தினால் விழுகிற இரண்டு மூன்று துளி, அவ்வளவுதான். என் மேசைக்கு அது வரும்போது குழாயின் அடியில் பனித்துளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். மூடியைத் திறக்கும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். அதை வைத்து எல்லாக் கிருமியையும் தேட முடியாது. எதைத் தேடுவது என்று முதலே தீர்மானிக்க வேண்டும், அந்தத் தீர்மானம் அம்மா டொக்டரிடம் சொன்ன கதையிலிருந்துதான் வருகிறது.

அழுத்தம் கூடி, விட்டுவிட்டு வருகிற யுவைடிஸ் என்றால் ஹெர்பீஸ் குடும்பத்து வைரஸ்கள் மேல்தான் முதலில் சந்தேகம் போகும்: ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ், அம்மைக்கொப்புளத்தையும் அக்கியையும் உண்டாக்குகிற வரிசெல்லா, அப்புறம் சிஎம்வி. பிசிஆரில் இந்த மூன்றையும் தேடலாம். கோவிட் காலத்தில் மூக்குக்குள் குச்சி விட்டு எடுத்தார்களே, அதே நுட்பம்தான். கிருமியின் மரபுப் பொருளில் ஒரு துண்டு இருந்தாலும் அதைக் கோடிக்கணக்கில் பெருக்கிக் காட்டிவிடும். எது என்று தெரிந்தால் என்ன பயன் என்றால், முதல் இரண்டுக்கும் அசைக்ளோவிர் வகை மருந்து, சிஎம்விக்கு அது சரிவராது, கான்சிக்ளோவிர் வேண்டும். இரண்டும் இல்லாமல் ஸ்டீரொயிட் துளியை மட்டும் விட்டுக்கொண்டிருந்தால் சிவப்புக் குறையும், வைரஸ் உள்ளே இருந்து கொண்டே இருக்கும், நிறுத்தியதும் திரும்பவும் சிவக்கும். மூன்று மாதமாக விட்டுவிட்டு வருகிறது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் ஓடியது.

டொக்ஸோவையும் பார்க்க நினைத்தால் பிசிஆர் மட்டும் எப்போதும் உதவாது. நோய் எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கிற ஆளுக்கு, நாள் போகப் போக, கண் நீரில் கிருமி பிடிபடுவது குறையும், பிறபொருளெதிரி (ஐஜிஜி அந்த வகைதான்) கூடும். அப்போது கண்ணிலும் இரத்தத்திலும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கோல்ட்மன் விட்மர் விகிதம் என்பார்கள். 3ஐத் தாண்டினால் கண்ணே அந்தப் பிறபொருளெதிரியை உண்டாக்குகிறது என்று கருதலாம். எல்லா இடத்திலும் செய்கிற சோதனை இல்லை.

நெகட்டிவ் வந்தால் நிம்மதி என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இரண்டு துளிக்குள் கிருமி வராமல் போயிருக்கலாம். அதேபோல் விழித்திரை வேகமாக அழிகிற வகை என்றால் எந்த வைத்தியரும் ரிப்போர்ட்டுக்காகக் காத்திருக்க மாட்டார். நீரை எடுத்துவிட்டு அன்றைக்கே வைரஸ் மருந்தைத் தொடங்கிவிடுவார்.

இடையில் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு இந்த ஒரு வருடத்துக்குள் எலிக்காய்ச்சல் வந்ததா? அல்லது வெள்ளத்தில் நடந்த பிறகு பெயர் தெரியாத காய்ச்சல் ஏதாவது? 2008இல் இலங்கையில் 7000க்கு மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது. அது ஆறி மாதக் கணக்கில் கழித்தும் யுவைடிஸ் வரும். தமிழ்நாட்டில் 1993 இறுதியில் வந்த பெருவெள்ளத்துக்குப் பிறகு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் அப்படியொரு அலையையே பார்த்தார்கள். அதற்கான பிறபொருளெதிரிச் சோதனை பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறது. ஆனால் அது தானாக நடக்காது. காய்ச்சல் வந்ததை நீங்கள் சொன்னால்தான் டொக்டர் எழுதுவார்.

மாதிரி வீணாவது பற்றியும் கொஞ்சம். என் அத்தான் வத்தளையில் வேலி வெட்டும்போது இலை நுனி கண்ணில் பட்டது. பாமசியில் கேட்டு ஸ்டீரொயிட் கலந்த துளி வாங்கிப் பத்து நாள் விட்டார். கருவிழியில் வெள்ளைப் புள்ளி விழுந்தது. ஒரு கிளினிக்கில் சுரண்டி எடுத்ததைக் காய்ந்த பஞ்சுக் குச்சியில் போட்டு, மத்தியான வெயிலில் ஓட்டோவில் கொடுத்துவிட்டார்கள். என் கைக்கு வந்தபோது குச்சி உப்புக் கருவாடு மாதிரி இருந்தது. ஒன்றும் வளரவில்லை. "கிருமி இல்லை" என்ற ரிப்போர்ட்டோடு இன்னும் நான்கு நாள் போனது.

இரண்டாவது முறை வேறு இடத்தில் கட்டிலருகிலேயே கிருமி வளர்க்கிற தட்டுகளை வைத்துச் சுரண்டினார்கள். கருவிழியில் சுரண்டியதைத் தட்டில் ஆங்கில 'சி' வடிவத்தில் வரிவரியாக இழுப்பார்கள். அந்த வளைவின் மேல் முளைத்தால் கண்ணிலிருந்து வந்தது, வளைவுக்கு வெளியே முளைத்தால் காற்றிலிருந்து விழுந்த தூசி. மிச்சத்தை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து பொட்டாசியம் ஐதரொட்சைட் ஒரு துளி விட்டு நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கலங்கலான செல்களுக்கு நடுவே கிளை விட்ட நூல் நூலாக, இடையிடையே கணுக்களோடு, பங்கசு. கால் மணித்தியாலத்தில் தெரிந்த விஷயம். மூன்றாம் நாள் தட்டில் 'சி' வளைவின் மேலேயே பஞ்சு போல வெள்ளையாக எழும்பியது, பியூசேரியம் என்ற பங்கசு. மணிக்கொரு தரம் நட்டமைசின் என்ற பங்கசு மருந்து, ஏழெட்டு வாரம். கண் தப்பியது, தழும்பு மிஞ்சியது. அக்கா இப்போது வீட்டில் பழைய துளிப் போத்தல் ஒன்றையும் வைத்திருக்க விடுவதில்லை.

போத்தலைப் பற்றிச் சொன்னதால் ஒன்று. அம்மா இதுவரை விட்ட துளிகளின் போத்தல்களை எறியாமல், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டொக்டரிடம் கொண்டுபோங்கள். அதற்கு இரண்டு காரணம். சில அன்டிபயோட்டிக்குகளை விட்டுக்கொண்டிருந்தால் எங்கள் தட்டில் பற்றீரியா முளைக்காது. மற்றது, அபூர்வமாகப் போத்தலே குற்றவாளியாக இருக்கும். 2023இல் பிரெட்னிசோலோன் கண் துளி ஒன்றை இலங்கையில் பாவனையிலிருந்து எடுத்தது ஞாபகம் இருக்கும்.

நீர் எடுக்கிற நாளைப் போயா விடுமுறைக்கு முதல்நாளோ நீண்ட விடுமுறைக்கு முதல்நாளோ வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசிஆருக்கான மாதிரி குளிரில் வைத்தால் சில நாள் தாங்கும், ஆனால் யார் குளிரில் வைத்தார், யார் மறந்தார் என்பது விடுமுறைக்குப் பிறகுதான் தெரியவரும். அப்புறம் படிவம். அதில் "ஸ்டீரொயிட் துளி, இத்தனை வாரம், கண் அழுத்தம் கூடியுள்ளது, தேட வேண்டியது சிஎம்வி, வரிசெல்லா, ஹெர்பீஸ்" என்று ஒரு வரி எழுதித் தரும்படி டொக்டரைக் கேளுங்கள், கோபிக்க மாட்டார். என் மேசைக்கு வருகிற படிவங்களில் பாதியில் "கண் நீர், பிசிஆர்" என்று மட்டும் இருக்கும். பிறகு நான் போனை எடுத்து வாட்டுக்கு அடித்து, "எந்தக் கிருமிக்கு, டொக்டர்?" என்று கேட்டுக்கொண்டு நிற்பேன், அந்த இரண்டு துளியும் ஐஸ் பெட்டியில் காத்துக்கொண்டிருக்கும்.