மின்சாரம் போனாலும் பாடம் போகக் கூடாது

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கிறேன். வகுப்புக்கு வர முடியாதவர்களுக்காக, கணினித் திரையில் பாடத்தைக் காட்டி என் குரலோடு பதிவு செய்தேன். முக்கால் மணி நேரம் ஆனபோது மின்சாரம் போய்விட்டது. எம்பி4 காணொலிக் கோப்பு அப்படியே இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் எழுத்துகளும் மங்கிவிடுகின்றன. என்ன செய்யலாம் ஐயா?

பதில்: அம்மா, இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. எந்தக் காட்சி கோப்பில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று உண்டு. சாதாரண எம்பி4 பதிவில், நிறுத்தும் பொத்தானை அழுத்திய பிறகுதான் அது எழுதப்படும். அதற்குள் மின்சாரம் போய்விட்டால் படமும் குரலும் உள்ளே கிடந்தும் எந்தச் செயலிக்கும் வழி தெரியாது. மீட்டுத் தரும் மென்பொருள்கள் இருக்கின்றன, பலன் உறுதியில்லை. அவற்றுக்குப் பணம் கட்டாதீர்கள், பாடத்தை மறுபடி பதிவு செய்யுங்கள்.

இம்முறை திரையைப் பதிவு செய்யும் ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துங்கள். இலவசம், விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். செட்டிங்ஸில் அவுட்புட் பகுதிக்குப் போய், ரெக்கார்டிங் ஃபார்மட்டை எம்கேவி என்ற வேறொரு காணொலிக் கோப்பு வகைக்கு மாற்றுங்கள். எம்கேவி பதிவு போகப்போகவே படிக்கத்தக்க நிலையில் சேர்ந்துகொண்டு வரும். நடுவில் மின்சாரம் போனாலும் கடைசிச் சில நொடிகள்தான் போகும். 2023இல் ஏறக்குறைய நாள்தோறும் மின்வெட்டைப் பார்த்த நமக்கு இந்த ஒரு மாற்றம் மிக முக்கியம். முடிந்ததும் ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் ரெக்கார்டிங்ஸ் என்பதைச் சொடுக்கினால், தரம் குறையாமல் எம்பி4 ஆகிவிடும். பிள்ளைகளின் கைபேசியிலும் ஓடும்.

டேட்டா விலையையும் பார்க்க வேண்டுமே. அசையாத பாடப்பக்கத்துக்கு நொடிக்கு 10 ஃபிரேம், அதாவது 10 படங்கள், போதும். ரெக்கார்டிங் குவாலிட்டியில் சேம் ஆஸ் ஸ்ட்ரீம் என்பதைத் தேர்ந்து, வீடியோ பிட்ரேட்டை, அதாவது ஒரு நொடிக் காட்சிக்குச் செலவாகும் தகவலின் அளவை, 1000 கேபிபிஎஸ் (நொடிக்கு 1000 கிலோபிட்) என வையுங்கள். ஒரு மணி நேரப் பாடம் ஏறக்குறைய அரை ஜிபியில் அடங்கும்.

முழுத்திரையைப் பதிவு செய்யாமல் ஓபிஎஸ்ஸில் உள்ள விண்டோ கேப்சர் மூலம் பாடம் இருக்கும் சாளரத்தை மட்டும் எடுங்கள். இடையில் வரும் செய்தி அறிவிப்புகள் பாடத்துக்குள் நுழையாது. அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, குரல் விழுகிறதா என்று கேட்டுவிட்டே தொடங்குங்கள்.

நேரலை வகுப்பைப் பதிவு செய்வதானால் பிள்ளைகளின் முகமும் பெயரும் குரலும் அதில் வரும். நம் நாட்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டோரின் தகவலுக்குத் தனிப் பாதுகாப்புத் தருகிறது. ஆகவே பெற்றோரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுத்தில் வாங்குங்கள்.

இனி ஸ்கிரீன்ஷாட். விண்டோஸ் கணினியில் விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் விசைகள் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வேண்டிய பகுதியை மட்டும் வெட்டி, தரம் குறையாத படவகையான பிஎன்ஜி கோப்பாகச் சேமியுங்கள். படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடுகிறது. எழுத்தின் ஓரங்கள் கலங்குகின்றன. தமிழில் முதலில் அடிபடுவது புள்ளிதான். சிறிய எழுத்தில் ‘க்’ என்பது ‘க’ போலத் தெரிந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளை தவறாகவே பழகிவிடும். எனவே எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு எடுங்கள். அனுப்பும்போது புகைப்படம் என்பதை விட்டு, ஆவணம் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.