கேமரா கேள்வி - பதில்: விளக்குக்கு எதிரே பச்சைப் புள்ளி

கேள்வி: லென்ஸுக்குப் பாதுகாப்பாக யூவி ஃபில்டர் (புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி) மாட்டியிருக்கிறேன். இரவில் தேர்த்திருவிழாவைப் படமெடுத்தால், விளக்குகளுக்கு எதிர்ப்பக்கம் பச்சைப் புள்ளிகள் விழுகின்றன. லென்ஸில் கோளாறா?
- வாசகர், பெருந்துறை

பதில்: லென்ஸ் நன்றாகத்தான் இருக்கிறது, ஃபில்டர்தான் காரணம். பூச்சில்லாத கண்ணாடி, ஒவ்வொரு பக்கத்திலும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பிவிடும். சென்சாரில் (கேமராவுக்குள் படத்தைப் பதியும் பகுதி) பட்டுத் திரும்பும் விளக்கொளி ஃபில்டரின் உட்புறத்தில் மோதி மறுபடி உள்ளே வருவதால், படத்தின் நடுவுக்கு எதிர்ப்புறம் தலைகீழாகப் புள்ளி விழுகிறது. இரவில் கழற்றிவிடுங்கள்.

புதிதாக வாங்கினால் மல்டி கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கும் பல அடுக்குப் பூச்சு) உள்ளதாகப் பாருங்கள். கடை ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால், பிரதிபலிப்பு மங்கலான பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிய வேண்டும். பளீரென்று வெள்ளையாகத் தெரிந்தால் வேண்டாம். லென்ஸ் முகப்பில், வட்டத்தில் கோடு போட்ட குறிக்குப் பக்கத்திலுள்ள எண்தான் ஃபில்டரின் அளவு (67 மி.மீ. போல), ஃபோகல் லெங்த் (லென்ஸின் குவியத் தூரம்) அல்ல.

டிஜிட்டல் சென்சாருக்கு முன்னாலேயே புற ஊதாத் தடுப்பு இருப்பதால், நிறத்துக்காக இந்த ஃபில்டர் தேவையில்லை. ஆனால் மஞ்சள் நீர் தெளிக்கும் ஈரோட்டு மஞ்சள் நீராட்டு விழாவிலும், திருப்பூர் பனியன் கம்பெனிப் பஞ்சுத் தூசியிலும் மாட்டியே ஆக வேண்டும். தூசியை முதலில் ப்ளோயரால் (அழுத்தினால் காற்றூதும் ரப்பர் குமிழ்) ஊதுங்கள். நேரே துணி போட்டால் தூசியிலுள்ள மணல் கீறிவிடும்.

ஃபில்டர் இறுகிப்போனால் இரண்டு பக்கமும் அழுத்தித் திருகாதீர்கள். வளையம் நெளிந்து மரை இன்னும் பிடித்துக்கொள்ளும். அகலமான ரப்பர் பேண்டைச் சுற்றி, லேசாகத் திருப்புங்கள்.