34-ஆம் சேனலும் மாமியாரும்

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறேன். மனைவி மெக்சிகோ வம்சாவளி. நண்பர் தொடங்கிய புதிய ஸ்பானிஷ் டிவி நெட்வொர்க்கில் பங்கு போட்டு, வேலையை விட்டுவிட்டு விளம்பர விற்பனையைக் கவனிக்கிறேன். இங்கேயே பிறந்து, இரண்டு மொழியும் பேசும் இளைஞர்களுக்கான சேனல். 10 மாதமாகியும் பெரிய விளம்பரம் எதுவும் வரவில்லை. அப்பா மன்னார்குடி வீட்டை விற்றுப் பணம் அனுப்புகிறேன் என்கிறார். இன்னும் ஓராண்டு தாக்குப்பிடித்தால் நிமிர்ந்துவிடுவோம். மனைவியோ முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போதாக்குறைக்கு மாமியார், சாயங்காலம் 7 மணி ஆனால் 34-ஆம் சேனலை விட்டு அசையமாட்டார். மனைவிக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: அவருக்குப் புரிந்துவிட்டது; அதனால்தான் பேசவில்லை. புரியாதது உங்களுக்குத்தான். மாமியாரைப் போதாக்குறைக் கணக்கில் தள்ளிவிட்டீர்களே, உங்கள் வியாபாரம் ஏன் படுத்தது என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. உங்கள் வீட்டு ஹாலிலேயே உங்கள் சேனல் ஓடவில்லை.

34 என்பது கேமெக்ஸ், அமெரிக்காவின் பெரிய ஸ்பானிஷ் நெட்வொர்க்கான யூனிவிஷனின் லாஸ் ஏஞ்சலஸ் நிலையம். 1962 முதல் அந்த ஊரில் ஸ்பானிஷ் பேசுகிறது. மெக்சிகோவின் டிவி கம்பெனி டெலிவிசாவின் நாவெலாக்கள், அதாவது ஸ்பானிஷ் மெகா தொடர்கள், பல்லாண்டு ஒப்பந்தத்தில் யூனிவிஷனுக்கே வந்துகொண்டிருந்தன. 2022-இல் இரண்டும் ஒரே கம்பெனியாகிவிட்டன. ஹோர்ஹே ராமோஸ் 1986-இலிருந்து 2024 வரை அங்கே செய்தி வாசித்தார். 38 வருஷம் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் கிட்டத்தட்ட உறவுக்காரர்தான். போட்டி ஸ்பானிஷ் நெட்வொர்க்கான டெலிமுண்டோவுக்கு முதுகில் என்பிசி என்ற பெரிய ஆங்கில நெட்வொர்க். சொந்தமாகவே தொடர் எடுக்கிறது. இந்த இரண்டு பேருக்கும் நடுவில் எங்கே நாற்காலி போடப் போகிறீர்கள்?

‘இரண்டு மொழி இளைஞர்’ என்பதும் புதிதில்லை. ஃபாக்ஸும் கொலம்பியாவின் டிவி கம்பெனி ஆர்சிஎன்னும் கூட்டாக 2012 ஆகஸ்டில் முண்டோஃபாக்ஸ் என்ற ஸ்பானிஷ் நெட்வொர்க்கைத் தொடங்கியபோது குறிவைத்தது இவர்களைத்தான். 2015-இல் ஃபாக்ஸ் கழன்றுகொண்டது. பெயர் முண்டோமேக்ஸ் ஆனது. 2016 நவம்பர் முடிவில் கடையைக் கட்டினார்கள். மெக்சிகோவின் டிவி அஸ்டெக்கா வளர்த்த ‘அஸ்டெக்கா அமெரிக்கா’ நெட்வொர்க்கும் 2022 முடிவோடு நின்றது. அந்தப் பையனுக்கு ஆங்கிலத்தில் பார்க்க ஆயிரம் இருக்கிறது. அவன் ஸ்பானிஷ் டிவி முன்னால் உட்கார்ந்தால் பாட்டி பக்கத்தில்தான் உட்காருவான். பாட்டியை ஒதுக்கினால் பேரனும் இல்லை.

கணக்குக்கு வாருங்கள். இரவு மூன்று மணி நேரம், வாரம் ஐந்து நாள், 52 வாரம்: 780 மணி நேரம். ஒரு மணி நேர எபிசோடு 120 கொண்ட நாவெலா என்றால் வருஷத்துக்கு ஆறரை. உங்களிடம் எத்தனை இருக்கிறது? மிச்ச நேரத்தில் மறு ஒளிபரப்பும் டெலிஷாப்பிங்கும் ஓடுகிறதென்றால், நேற்று பார்த்தவர் இன்று ஏன் திரும்பி வர வேண்டும்?

அடுத்து, எந்தெந்த ஊரில் எந்த நிலையம், முழு சக்தியா, குறைந்த சக்தியா என்ற பட்டியலை நண்பரிடம் கேளுங்கள். குறைந்த சக்தி நிலையத்தைப் பெரும்பாலும் கேபிள்காரர் கட்டாயம் ஏற்றியாக வேண்டியதில்லை. அவர் ஏற்றாவிட்டால் ஆன்டெனா வீடுகள் மட்டும்தான் மிச்சம். ரேட்டிங் எடுப்பதோ மாதிரி வீடுகளில். சின்ன சேனலைப் பார்க்கும் நாலைந்து வீடு விடுமுறைக்குப் போனால் உங்கள் எண் காணாமல் போகும். அந்த எண்ணை நம்பி எந்த ஏஜென்சி பணம் போடும்? சொன்ன ரேட்டிங் வராவிட்டால் ஈடாக இலவச ஸ்பாட் வேறு கொடுக்க வேண்டும். வருஷத்து விளம்பர நேரத்தை முன்கூட்டியே விற்கும் மே மாத அப்ஃபிரண்டிலேயே ஸ்பானிஷுக்கு ஒதுக்கிய பணத்தைப் பெரிய இரண்டு பேர் அள்ளிக்கொள்கிறார்கள். உங்களுக்கு வருவது சிந்தியது, அதுவும் கடைசி நேரத்தில், பாதி விலைக்கு.

ஓராண்டில் இதில் எது மாறும்? ஒன்றும் மாறாது. மாறப்போவது மன்னார்குடி வீட்டுப் பட்டாவில் இருக்கும் பெயர் மட்டும்தான். பெற்றவர் கொடுக்கிறேன் என்றுதான் சொல்வார். வேண்டாம் என்று சொல்ல வேண்டியவன் பிள்ளை. வயசான காலத்தில் அவரை வாடகை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நீங்கள் எந்த இளைஞருக்கு டிவி காட்டப் போகிறீர்கள்? எனக்கு இது நஷ்டமாகத் தெரியவில்லை, பாவமாகத் தெரிகிறது.

பங்கை எந்த விலைக்குப் போனாலும் கொடுத்துவிட்டு வேலை தேடுங்கள். விளம்பர விற்பனை தெரிந்தவருக்கு 34-லும் டெலிமுண்டோவின் 52-லும்கூட வேலை இருக்கும். இன்று 7 மணிக்கு மாமியார் பக்கத்தில் போய் உட்காருங்கள், போனைக் கையில் எடுக்காமல். நாவெலா முடிந்ததும் அப்பாவுக்குப் பேசுங்கள், அங்கே விடிந்திருக்கும். வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸ் ஏதாவது இருந்தால் அன்றே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.