நாய் ட்ரெய்னிங் பெட்டிக்கு வெளி ஸ்பீக்கர்

கேள்வி: நாய்க்கு வெடி சத்தம் பழக்க வாங்கின ட்ரெய்னிங் பெட்டில ஸ்பீக்கர் ரொம்ப சின்னதுங்க, வெறும் கீச்சுனுதான் கேக்குது. கம்மி செலவுல வேற மாட்டலாமா?

பதில்: தாராளமா மாட்டலாம். 3.5 எம்எம் ஹெட்போன் ஓட்டை இருந்தா பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கரே போதும், ஊஃபர் (கனத்த சத்தம் தர்ற பெரிய ஸ்பீக்கர்) உள்ளதா பாருங்க, வெடியோட 'டம்' அதுலதான் வரும். ஓட்டை இல்லன்னா பெட்டிய பிரிக்காதீங்க, போன்ல சத்தத்த போட்டு பிஏஎம்8403ங்கிற சின்ன ஆம்ப் போர்டு (சத்தத்த பெருசாக்குற சர்க்யூட்) வழியா 4 ஓம் ஸ்பீக்கருக்கு குடுங்க, அதுக்கு 5 வோல்ட் சார்ஜரே போதும், ஆனா ரெண்டு ஸ்பீக்கர் மாட்டினா ரெண்டோட மைனஸ் வயரையும் ஒண்ணா முறுக்கிடாதீங்க போர்டு போயிரும். பீப் குடுத்து பழக்குறதுக்கு மட்டும் ப்ளூடூத் வேணாம், சத்தம் லேட்டா வரும், நாய் குழம்பிடும். முக்கியமா வால்யூம குறைச்சே ஆரம்பிங்க, பிஸ்கட் தின்னுட்டே இருந்தா சரி, வால சுருட்டி திங்கறத நிறுத்துச்சுன்னா உடனே குறைச்சிடுங்க, பாவம் அது.