அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் டென்னிஸ் அணிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது?

அங்கே டென்னிஸை 'வருவாய் தராத விளையாட்டு' என்பார்கள், அதாவது சம்பாதிப்பதைவிடச் செலவு அதிகம். பயிற்சியாளர் சம்பளம், விமானப் பயணம், உதவித்தொகை, மைதானப் பராமரிப்பு எல்லாம் உண்டு, ஆனால் டிக்கெட் பெரும்பாலும் இலவசம், டிவி ஒப்பந்தப் பணம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை.

பெரிய பல்கலைக்கழகங்களில் அமெரிக்கன் ஃபுட்பாலும் ஆண்கள் கூடைப்பந்தும் கொண்டுவரும் பணம்தான் இதைத் தாங்குகிறது. சிறிய இடங்களில் மாணவர் கட்டணம், பல்கலைக்கழகத்தின் பொது நிதி, அப்புறம் பழைய மாணவர்களின் நன்கொடை. கூட்டுக் குடும்பத்தில் அண்ணன் கடை வருமானத்தில் தம்பி வீணை கற்பது மாதிரி. கடை படுத்தால் முதலில் நிற்பது வீணை வகுப்புதானே? 2020-இல் கொரோனா வந்து ஃபுட்பால் வருமானம் ஆட்டம் கண்டபோது அயோவா, மினசோட்டா பல்கலைக்கழகங்கள் ஆண்கள் டென்னிஸை நிறுத்துவதாக அறிவித்தது அப்படித்தான்.

அணியில் இடம் கிடைத்தால் படிப்பே இலவசம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்சிஏஏ-வின் முதல் பிரிவில் 2025 வரை ஆண்கள் அணி ஒன்றுக்கு மொத்தமே 4.5 முழு உதவித்தொகைதான், அதை எட்டு பத்துப் பேர் பங்குபோட்டுக்கொண்டார்கள். பெண்கள் அணிக்கு 8. இப்போது அந்த உச்சவரம்பு பல இடங்களில் போய்விட்டாலும், பல்கலைக்கழகம் கையில் காசு வைத்திருந்தால்தான் கொடுக்கும்.