இயற்கை வளம் இருந்தும் பலுசிஸ்தான் மக்களுக்குப் பாகிஸ்தான் அரசு மீது ஏன் இவ்வளவு கோபம்?

சுயி என்ற ஊரின் கதையைக் கேட்டாலே பாதி புரிந்துவிடும். 1952இல் அங்கே எரிவாயு கிடைத்தது. 1955இல் குழாய் வழியாகக் கராச்சிக்குப் போய்விட்டது. மாகாணத் தலைநகர் குவெட்டாவுக்கு வந்ததோ 1980களில்தான்! சுயியைச் சுற்றிய கிராமங்களில் இன்னமும் பல வீடுகளில் விறகடுப்புதான்.

வாக்குறுதிகளுக்குப் பஞ்சமில்லை. 2009இல் மத்திய அரசு ஒரு பெரிய தொகுப்பை அறிவித்தது: வேலை, எரிவாயுவுக்காக மாகாணத்துக்குத் தர வேண்டிய நிலுவைத் தொகை, காணாமல் போனவர்கள் (பாதுகாப்புப் படைகள் பிடித்துப் போனதாக உறவினர்கள் சொல்பவர்கள்) பற்றி விசாரணை. அப்புறம் மாகாணத்துக்கு வரும் நிதி கூடியது, அதை மறுக்க முடியாது. ஆனால் ஆட்கள் காணாமல் போவது நிற்கவில்லை. குவெட்டா பத்திரிகையாளர் மன்றத்துக்கு வெளியே உறவினர்கள் புகைப்படங்களோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைக் கேட்டால், கோபம் இப்போது எரிவாயுவைவிட இதில்தான் அதிகம். ரெக்கோ டிக் தாமிரச் சுரங்கத்தில் மாகாணத்துக்கு 25% பங்கு என்றாலும் பலர் நம்பாததற்குக் காரணம் இதுதான்.